துயர்க்குரலும் அவையின் கடனும்: தொண்டை நாட்டுக் கூத்தில் துகிலுரி நிகழ்வும் மேலை வீரப் புனைவும்

ஆய்வுச் சுருக்கம்

துன்புற்றோர் குரல் கேட்டவுடன் வாளெடுத்துச் சென்று காப்பது ஐரோப்பிய இடைக்கால வீரப் புனைவுகளில் தலைவனுக்கு விதிக்கப்பட்ட கடமையாகும். தமிழ்ப் பாரத மரபில் அதற்கு நிகரான நிகழ்வு திரௌபதியின் துகிலுரிதல். இந்நிகழ்வில் வீரர் பலர் இருந்தும் காப்போர் எவரும் எழவில்லை. இதனைத் திருமாலின் அருட்செயலாகவோ பாண்டவர் வஞ்சினத்தின் தோற்றுவாயாகவோ கொள்வதே ஆய்வுலகின் பெருவழக்கு. காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களில் நிகழும் கூத்தையும், அதே நிலப்பகுதியில் அவைக்குரிய தகுதிகளை வரையறுத்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகளையும் ஒருங்குவைத்து நோக்கும் இக்கட்டுரை, துகிலுரி நிகழ்வின் மையம் விடையளிக்கப்படாத ஒரு வினா என்றும், காக்கும் கடமை அங்குத் தனி வீரனிடமிருந்து அவைக்கு இடம்பெயர்கிறது என்றும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: துகிலுரிதல், தெருக்கூத்து, அடைக்கலம், அவை, உத்திரமேரூர், வீரப் புனைவு.

முன்னுரை

தொண்டை நாட்டில் பாரதம் நெடுங்காலமாக மக்கள் கேட்டுவரும் நூல். காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் ஊரில் கிடைத்த, 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு, கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதைக் குறிக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் பெருந்தேவனார் பாரத வெண்பா இயற்றினார். பின்னர் வில்லிபுத்தூரார் பாரதம் தோன்றியது. இன்றளவும் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பிற்பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதப் பாடல்களைப் பாடி விளக்கம் சொல்ல, இரவில் அதே கதை கூத்தாக ஆடப்படுகிறது. எழுத்து, சொல், ஆட்டம் என்னும் மூன்று நிலைகளிலும் ஒரே கதை ஓர் ஊரின் முன் வைக்கப்படுகிறது.

இவ்விழாக்களில் ஆடப்படும் கூத்துகளுள் பகடை துகில் அல்லது திரௌபதி துகில் எனப்படும் இரவு தனித்த இடம் பெற்றது. இதனை மேலை இலக்கியத்தின் வீரப் புனைவுகளோடு ஒப்பிடுவது முதல் நோக்கில் பொருந்தாததாகத் தோன்றலாம். எனினும் இரண்டும் ஒரே வினாவையே எழுப்புகின்றன. துன்புற்றவர் குரலெழுப்பும்போது, கேட்டவர் மீது என்ன கடமை விழுகிறது? அக்கடமை கேட்டவரின் வலிமையைப் பொறுத்ததா, அறிவைப் பொறுத்ததா, இருக்கும் இடத்தைப் பொறுத்ததா?

மேலை வீரப் புனைவில் துயரும் துணையும்

தாமஸ் மாலரியின் ஆர்தர் கதைத் தொகுப்பு 1485இல் காக்ஸ்டனால் அச்சிடப்பட்டது. அதில் வட்டமேசை வீரர்கள் ஆண்டுதோறும் பெந்தெகொஸ்து நாளில் எடுத்துக்கொள்ளும் உறுதிமொழியில், பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் துணைநிற்றல் ஒரு கூறாக உள்ளது. வீரன் என்பவன் உதவி கேட்டால் மறுக்கக் கூடாதவன். இக்கடமையே கதையை நகர்த்தும் விசையும் ஆகிறது. வழியில் ஒரு குரல் கேட்கும், தலைவன் பாதை மாறுவான், ஒரு போர் நிகழும், துயர் தீரும்.

ஆயினும் இம்மரபின் சிறந்த நூல்கள் இக்கடமையை ஐயமின்றிப் போற்றவில்லை. 12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியன் த த்ருவா இயற்றிய இவேன் கதையில், ஒரு கோட்டையில் முந்நூறு பெண்கள் அடைபட்டுக் குறைந்த கூலிக்குப் பட்டு நெய்கின்றனர். இவேன் அவர்களை மீட்கிறான். பட்டுத் தறிகளின் நிலமான காஞ்சிப் பகுதி வாசகருக்கு இக்காட்சி நெருக்கமானது. ஆனால் அப்பெண்களின் துயர் உழைப்பின் ஒழுங்கமைப்பால் விளைந்தது; தீர்வோ இரண்டு எதிரிகளை ஒருவன் வெல்வதால் வருகிறது. நோய்க்கும் மருந்துக்கும் இடையே ஒரு பொருத்தமின்மை இருக்கிறது.

அதே கதையின் இறுதியில் உடன்பிறந்தார் இருவரின் சொத்து வழக்கு வருகிறது. தங்கையின் பங்கைக் கவர்ந்த தமக்கை, அரசவையின் சிறந்த வீரனான கவேனைத் தன் பக்கம் முன்னரே பெற்றுவிடுகிறாள். தங்கைக்காக இவேன் போரிடுகிறான். நண்பர் இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் நாள் முழுதும் பொருது சமநிலை எய்துகின்றனர். வாளால் தீராத வழக்கை ஆர்தர் ஒரு வினாவால் தீர்க்கிறான். தங்கையின் உரிமையைப் பறித்தவள் எங்கே என்று அவன் கேட்க, மூத்தவள் தன்னை அறியாமல் இதோ இருக்கிறேன் என்று விடையளித்துக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். வலிமை அறத்தின் சான்று ஆகாது என்பதும், அவையில் எழும் வினா வாளினும் கூரியது என்பதும் இதனால் புலப்படும்.

இதே கவிஞரின் பெர்சவால் கதையும், அதனை விரித்து 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மொழியில் வுல்ஃப்ராம் இயற்றிய பார்சிஃபாலும் இன்னும் ஒரு படி செல்கின்றன. நோயுற்ற அரசனின் முன் அமர்ந்திருந்தும், பேச்சில் அடக்கம் வேண்டும் என்று கற்பிக்கப்பட்டிருந்த இளைஞன், கேட்க வேண்டியதைக் கேளாமல் விடுகிறான். அந்த மௌனமே அவன் செய்த குற்றம். போர்த்திறன் முழுதும் இருந்தும் துயர் நீங்கவில்லை. ஒரு வினா போதுமாக இருந்தது.

செர்வாண்டிஸ் 1605இல் வெளியிட்ட டான் கிஹோட்டே இம்மரபை உள்ளிருந்தே சோதிக்கிறது. மரத்தில் கட்டி அடிக்கப்படும் இடைச்சிறுவனைத் தலைவன் விடுவிக்கிறான். எசமானனிடம் உறுதிமொழி வாங்கிக்கொண்டு செல்கிறான். அவன் அகன்றதும் சிறுவன் முன்னிலும் கடுமையாக அடிக்கப்படுகிறான். பின்னர்ச் சந்திக்கும்போது, இனி எந்நிலையிலும் தனக்கு உதவ வேண்டாம் என்று அவன் வேண்டுகிறான். வந்து காத்துச் செல்பவன் அங்கே தங்குவதில்லை. தங்கியிருக்கும் ஊரும் முறையும் மாறவில்லை. தனி வீரனின் உதவிக்குள் இருக்கும் இக்குறையைத் தமிழ் மரபு எவ்வாறு எதிர்கொண்டது என்பது அடுத்து நோக்கத்தக்கது.

தமிழ் மரபில் காக்கும் கடமை

புறத்திணை மரபில் கவர்தலுக்கு எதிராக மீட்டல் வைக்கப்பட்டுள்ளது. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. தொறு மீட்டு இறந்தவனுக்கு ஊரார் நடுகல் எடுத்தனர். தொண்டை மண்டலத்திலும் அதனை ஒட்டிய செங்கம் பகுதியிலும் கிடைத்த நடுகற்கள் இக்கடமையின் கல்லெழுத்துச் சான்றுகள். இங்கு மீட்பவன் வழிப்போக்கன் அல்லன். அந்த ஊருக்கு உரியவன். அவன் வீழ்ந்த பின்னும் அவனை நினைவில் வைக்கும் கடன் ஊருக்கு உண்டு.

ஆனால் காக்கும் கடமை நிறைவேறாத இடங்களையும் தமிழ் மரபு மறைக்கவில்லை. பாரி இறந்தபின் அவன் மகளிரைக் கபிலர் அழைத்துச் சென்று விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் மணம் வேண்டினார். புறநானூற்றின் 200 முதல் 202 வரையிலான பாடல்கள் இவ்வேண்டுகோளையும், ஏற்கப்படாதபோது எழுந்த சினத்தையும் பதிவு செய்கின்றன. வேளிர் வலிமையற்றோர் அல்லர். அவர்கள் முன்வரவில்லை என்பதே புலவரின் குற்றச்சாட்டு.

சிலப்பதிகாரத்தில் இக்கடமை அரசனிடத்தும் வீரனிடத்தும் நில்லாது ஓர் ஆயர்மகளிடம் சென்று சேர்கிறது. கவுந்தியடிகள் கண்ணகியையும் கோவலனையும் மாதரியிடம் அடைக்கலம் தருகிறார். கோவலன் கொலையுண்ட செய்தி அறிந்த மாதரி, அடைக்கலம் காக்கத் தவறியதாகக் கருதித் தீப்புகுந்தாள் என்றும், கவுந்தியடிகள் உண்ணாநோன்பால் உயிர்நீத்தார் என்றும் காப்பியம் கூறுகிறது. கொலைக்கு அவர்கள் இருவரும் எவ்வகையிலும் காரணர் அல்லர். எனினும் ஏற்றுக்கொண்ட சொல் அவர்களைப் பிணித்தது. பாண்டியனும் கண்ணகியின் வினாவுக்கு விடை உணர்ந்த கணத்தில் உயிர் விடுகிறான். துயருற்றவள் அவையில் வினவினாள். அவைத் தலைவன் தன் பிழையை ஏற்றான். விடை காலம் தாழ்ந்து வந்தது, ஆனால் வந்தது.

தொண்டை மண்டலத்துக்கே உரிய பழையனூர் நீலி கதை இதன் மறுபக்கம். வணிகனின் மனைவி வடிவில் வந்த பேய், தன்னைக் கணவன் கைவிட்டதாகப் பழையனூர் வேளாளர் எழுபதின்மரிடம் முறையிடுகிறது. வணிகனோ அவளைப் பேய் என்று அஞ்சுகிறான். அவளை நம்பிய அவையினர், அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தாமும் உயிர் விடுவதாக உறுதிகூறி அவனை அவளுடன் விடுகின்றனர். வணிகன் கொலையுண்டபின் எழுபதின்மரும் தீப்புகுந்தனர். இக்கதையில் அவை பொய்த்துயரை மெய்யென்றும், மெய்யச்சத்தைப் பொய்யென்றும் கொண்டது. குரல் உரத்து ஒலிப்பதாலேயே அது உண்மையாகிவிடாது என்னும் எச்சரிக்கை இதில் உண்டு. ஆயினும் தொண்டை மண்டலம் அந்த எழுபதின்மரைப் பழிக்கவில்லை, போற்றியது. தவறிய தீர்ப்புக்காக அன்று, தீர்ப்பின் விளைவைத் தம்மேல் ஏற்றமைக்காக அவர்கள் நினைக்கப்படுகின்றனர். தீர்ப்பு வழங்குவோர் அதற்குப் பிணையாக நிற்க வேண்டும் என்ற கருத்து இந்நிலத்தின் கதைமரபில் இவ்வாறு ஆழப் பதிந்துள்ளது.

அவையில் எழுந்த வினா

துகிலுரி நிகழ்வு இப்பின்னணியில் வைத்துப் பார்க்கத்தக்கது. அவைக்கு வருமாறு அழைக்கப்பட்டபோது திரௌபதி முதலில் உதவி கேட்கவில்லை. வினா ஒன்றை அனுப்புகிறாள். தருமன் தன்னைத் தோற்றபின் தன்னைப் பணயம் வைத்தானா, அதற்கு முன்னரா என்பதே அவ்வினா. தன்னையே இழந்தவனுக்கு மற்றொருவரைப் பணயமாக வைக்கும் உரிமை உண்டா என்பது அதன் உட்பொருள். இது வழக்காடு முறையில் அமைந்த சட்ட வினா.

வியாச பாரதத்தில் வீடுமன் அறத்தின் போக்கு நுண்ணியது என்று கூறி விடையைத் தவிர்க்கிறான். விகர்ணன் ஒருவனே அவள் வெல்லப்படவில்லை என்று எடுத்துரைக்கிறான். கர்ணன் அவனை மறுக்கிறான். விதுரன் அவையோருக்குப் பழங்கதை ஒன்றை நினைவூட்டுகிறான். துயருற்றவர் எரியும் தீயைப் போல அவைக்குள் வருகிறார். அத்தீயை உண்மையாலும் அறத்தாலும் தணிப்பது அவையோர் கடன். விடை அறிந்தும் கூறாதவர் பொய்யின் பழியில் பாதியை அடைவர் என்பது அவன் கூற்றின் சாரம். பழிக்கத்தக்கதைப் பழிக்காத அவையில் பாவத்தின் பாதி தலைவனையும், கால் பகுதி செய்தவனையும், கால் பகுதி வாளாவிருந்த உறுப்பினரையும் சேரும் என்றும் அங்குக் கணக்கிடப்படுகிறது.

இக்கணக்கு கூர்ந்து நோக்கத்தக்கது. துகில் பற்றி இழுத்தவனின் பழியைவிட அவைத் தலைவனின் பழி மிகுதி. வாளாவிருந்தோர் பழி செய்தவனின் பழிக்கு நிகர். வீரப் புனைவின் அளவுகோலில் குற்றவாளி துச்சாதனன். தவறியவர் வாளெடுக்காத கணவர் ஐவர். விதுரனின் அளவுகோலில் முதற்பொறுப்பு அவைக்குரியது. பாண்டவர் கைகட்டியிருந்ததற்குத் தருமனின் சொற்கட்டு என்ற விளக்கமாவது உண்டு. விடை அறிந்திருந்தும் பேசாத முதியோருக்கு அவ்விளக்கமும் இல்லை. பார்சிஃபால் கேளாத வினாவால் குற்றவாளியானான். அத்தினாபுரத்து அவை கேட்கப்பட்ட வினாவுக்கு விடை தராததால் குற்றவாளியாயிற்று.

தமிழ் மரபில் இவ்வினாவின் கூர்மை ஓரளவு மழுங்கியது என்றும் கூற வேண்டும். வைணவ மரபு இந்நிகழ்வைச் சரணாகதியின் எடுத்துக்காட்டாகக் கொண்டது. பிள்ளை உலகாசிரியரின் ஸ்ரீவசன பூஷணம், சரண்புகுவதற்குத் தூய்மை, காலம் முதலிய நியதிகள் வேண்டா என்பதற்குத் திரௌபதியைச் சான்று காட்டுகிறது. துகிலைப் பற்றிய கையை விட்டு இருகையும் உயர்த்திய நிலை, தன்முயற்சி துறந்த நிலையாக உரைக்கப்பட்டது. வில்லிபாரதமும் இவ்வருள்நோக்கை விரித்துரைக்கிறது. பக்தியின் தளத்தில் இது செறிவான வாசிப்பு. ஆனால் ஆடை வளர்ந்ததோடு நிகழ்வு நிறைவுற்றதாகக் கொண்டால், அவையின் மௌனம் கேள்விக்கு உட்படாமல் தப்பிவிடுகிறது. இறைவன் காத்தான் என்பது மாந்தர் காக்கவில்லை என்பதன் மறுபக்கம். அது மாந்தருக்கு விடுதலைச் சீட்டு ஆகாது.

உத்திரமேரூரில் அவையின் இலக்கணம்

அவை என்பது யார், அதில் அமரத் தகுதி யாது என்னும் வினாவுக்கு இந்நிலப்பகுதியே கல்லில் விடை எழுதியுள்ளது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபை, 30 குடும்புகளிலிருந்து குடவோலை முறையால் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை இவை விளக்குகின்றன. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி உறுப்பினர் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குக் கீழும் இருத்தல் வேண்டும். கால் வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். பிறர் பொருளைக் கவர்ந்தோரும் பெரும்பாவம் செய்தோரும் விலக்கப்பட்டனர். வாரியத்தில் இருக்கும்போதே குற்றம் காணப்பட்டால் நீக்கப்படுவர். தீயோர் கெட்டு மேலோர் தழைக்க வேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கமாகக் கல்வெட்டில் சொல்லப்படுகிறது.

கல்வெட்டு ஏரி, தோட்டம், பொன் முதலியவற்றின் மேலாண்மைக்கான வாரியங்களைப் பற்றியது. பாரத அவை அரசவை. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒன்றாக்குதல் ஆய்வுநெறி ஆகாது. எனினும் இரண்டும் ஒரு கருத்தில் சந்திக்கின்றன. அவையில் அமர்தல் என்பது பெருமை மட்டுமன்று. அது கணக்குக் காட்டும் கடன். கணக்குக் காட்டாதவனின் தகுதியின்மை அவன் உறவினரையும் தொடர்கிறது. வினாவுக்கு விடை தராத அத்தினாபுரத்து அவையும் கணக்குக் காட்டாத அவையே. அதன் விளைவு அக்குலம் முழுதையும் தொடர்ந்தது.

அதே வேளையில் உத்திரமேரூர் விதிகளின் எல்லையும் சுட்டப்பட வேண்டும். அது பிராமண நிலவுடைமையாளரின் அவை. யார் அமரலாம் என்பதை அது நுணுக்கமாக வரையறுக்கிறது. அமர இயலாதவர் குரலெழுப்பினால் அக்குரல் எவ்வாறு கேட்கப்படும் என்பது இக்குடவோலை விதிகளின் பொருளாக அமையவில்லை. திரௌபதி அவையில் உறுப்பினள் அல்லள். அவள் இழுத்து வரப்பட்டவள். தகுதி வரையறைகள் எவ்வளவு செம்மையாக இருப்பினும், உறுப்பினர் அல்லாதவரின் வினாவை ஏற்கும் வாயில் இல்லையெனில் அவை நிறைவுறாது. வீடுமன், துரோணன், கிருபன் ஆகியோருக்கு வயதிலும் கல்வியிலும் ஒழுக்கத்திலும் குறை சொல்ல எவராலும் இயலாது. தகுதியுடையோர் நிறைந்த அவையே அன்று தவறியது.

கூத்துக்களத்தில் அவை

கல்வெட்டு விட்ட இவ்விடத்தைக் கூத்து எடுத்துக்கொள்கிறது. உத்திரமேரூர், செய்யாறு, காஞ்சிபுரம் பகுதிச் சிற்றூர்களில் பங்குனி முதல் பல வாரங்கள் நீளும் பாரத விழாக்களில் கூத்து இரவு முழுதும் திறந்தவெளியில் நிகழ்கிறது. ரிச்சர்ட் ஃபிராஸ்கா (1990), ஆல்ஃப் ஹில்டெபைட்டல் (1988, 1991), ஹன்னே டி புருயின் (1999) ஆகியோரின் ஆய்வுகள் இம்மரபின் ஆட்டமுறை, சடங்கு, சமூக அமைப்பு ஆகியவற்றை விரிவாக ஆவணப்படுத்தியுள்ளன.

துகில் கூத்தில் துரியோதனன் அவைக்கென ஆடுகளத்தில் தனியே ஓர் அமைப்பு இல்லை. விசுப்பலகை ஒன்று அரியணையாகிறது. வீடுமனும் துரோணனும் பெரும்பாலும் சொல்லில் மட்டும் இருப்பர். ஆகவே திரௌபதி வேடதாரி அவையோரை நோக்கி முறையிடும்போது, அவர் முகம் திரும்புவது களத்தைச் சுற்றி மண்ணில் அமர்ந்திருக்கும் ஊரார் பக்கமே. வேறு அவை அங்கில்லை. வினா அவர்கள் மேல் விழுகிறது. துகில் பற்றும் இடத்தில் துச்சாதன வேடதாரி பாத்திரத்திலிருந்து விலகி அம்மனை வணங்கிப் பிழைபொறுக்க வேண்டும் வழக்கம் உண்டு. ஊரார் கற்பூரம் ஏற்றுவர். பெண்கள் சிலர் அருள்வந்து ஆடுவர். நடிப்பு, வழிபாடு என்னும் எல்லை அங்குக் கரைகிறது.

இதனைப் பக்திப் பரவசம் என்று மட்டும் விளக்குவது போதாது. வீரப் புனைவின் வாசகர் தலைவனோடு ஒன்றி, காப்பவனின் பெருமிதத்தில் பங்குகொள்கிறார். துகில் கூத்தின் பார்வையாளர்க்கு ஒன்றுவதற்குக் காப்பவன் எவனும் இல்லை. அவர் திரௌபதியோடு ஒன்றலாம். அல்லது பார்த்துக்கொண்டிருக்கும் அவையோடு ஒன்றியே ஆக வேண்டும். எழுந்து சென்று தடுக்கவும் இயலாது, எழாமல் இருக்கவும் மனம் ஒப்பாது என்னும் நிலையில் கற்பூரம் ஏற்றுதல், அந்த அவையிலிருந்து தம்மை விலக்கிக்கொள்ளும் செயலாகிறது. வேடதாரியின் பிழைபொறுத்தலும் அத்தகையதே. பேசாத அவையில் தாமும் ஒருவராக இருக்க மறுத்தல் என்று இதனைக் கொள்வது பொருந்தும்.

தீர்வும் உடனே வருவதில்லை. ஆடை வளர்ந்து மானம் காக்கப்படினும் கூந்தல் முடியப்படவில்லை. அவிழ்ந்த கூந்தல் ஊரின் முன் ஒரு கடன்பத்திரம் போல விழா முழுதும் நிற்கிறது. அருச்சுனன் தபசு, விராட பருவம், அபிமன்யு வதம், கர்ண மோட்சம் என ஒவ்வோர் இரவும் கடக்க, இறுதி நாள் படுகளத்தில் மண்ணால் வனைந்த துரியோதனன் உருவத்தின் முன்னரே அக்கூந்தல் முடியப்படுகிறது. அதன்பின் தீமிதி. மேலைக் கதையில் துயரும் தீர்வும் ஒரே பொழுதில் அமையும். வீரன் அடுத்த வழிக்குச் செல்வான். கூத்தில் ஊர் முழுதும் அந்தக் கடனைச் சுமந்து நாட்களைக் கடத்த வேண்டும். செர்வாண்டிஸின் இடைச்சிறுவனுக்குக் கிட்டாதது இதுவே: துயரை நினைவில் வைத்து இறுதிவரை உடனிருக்கும் ஊர்.

எழக்கூடிய மறுப்புகள்

இவ்வாசிப்புக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, படுகளத்தில் நிறைவுறுவது பழிவாங்கல்; அவையின் வினாவுக்கு அங்கும் விடை கிடைக்கவில்லை என்பது. இம்மறுப்பு வலுவுடையது. துரியோதனன் தொடை முறிவதால் பணயத்தின் செல்லுபடி தீர்மானிக்கப்படவில்லை. குருதியால் கூந்தல் முடிந்தபின்னும் வினா திறந்தே உள்ளது. எனினும் ஆண்டுதோறும் அதே கூத்தை அதே ஊர் மீண்டும் ஆடச்செய்வதற்கு அந்தத் திறந்த நிலையும் ஒரு காரணமாகலாம். தீர்ந்த வழக்கை எவரும் மீண்டும் அவைக்குக் கொண்டுவருவதில்லை.

பாரதியாரும் இவ்விடத்தையே தொட்டார். 1912இல் முதற்பகுதியும், அவர் மறைவுக்குப்பின் 1924இல் இரண்டாம் பகுதியும் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தில், திரௌபதி இழுத்துச் செல்லப்படுவதைப் பார்த்து நின்று புலம்பிய நகர மக்களை அவர் கடுமையாக இகழ்கிறார். புலம்பல் துணையாகாது என்பது அவர் கருத்து. அவையின் பழியை அவைக்கு வெளியே நின்ற மக்கள் மீதும் அவர் விரித்தார். கூத்து சுற்றி அமர்ந்தோரை அவையாக்கியது. பாரதி தெருவில் நின்றோரையும் அவையாக்கினார். அடிமை நாட்டின் மக்களை நோக்கிய குரல் அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் வேர் கூத்துக்களத்தின் அமைப்பிலேயே உள்ளது.

இரண்டாவது மறுப்பு கூடுதல் கவனம் வேண்டுவது. ஊர் முழுதும் அவையாகிறது என்னும்போது, ஊர் என்பதில் யார் அடங்குவர்? திரௌபதி அம்மன் கோயில்கள் பலவற்றில் பட்டியலினத்தாரின் நுழைவு மறுக்கப்பட்டுள்ளது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் உள்ள தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் நுழைவுச் சிக்கலால் 2023ஆம் ஆண்டு சூன் மாதம் அரசு அலுவலர்களால் முத்திரையிடப்பட்டது. அவையில் வினவ உரிமையின்றி நின்ற ஒருத்தியின் கோயிலிலேயே, வினவும் உரிமை சிலருக்கு மறுக்கப்பட்டது. கூத்தின் அறத்துக்கும் கூத்தை நடத்தும் சமூகத்தின் நடைமுறைக்கும் உள்ள இம்முரணை மறைத்து எழுதும் ஆய்வு, அவையோரின் மௌனத்தையே மீண்டும் செய்வதாகும்.

பெண்ணின் குரல் பற்றியும் இவ்வாறே கூறலாம். மரபில் திரௌபதி வேடத்தை ஆண்களே ஏற்றனர். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம் சிறுமியருக்கும் பயிற்சி அளித்தது. பெண் ஒருவர் களத்தில் நின்று அவையை நோக்கி அவ்வினாவைத் தன் குரலில் கேட்பது, பாத்திர மாற்றம் என்னும் அளவில் நிற்பதன்று. வினவுபவரும் வினவப்படும் நிலையும் அங்கு ஒன்றாகின்றன.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். மேலை வீரப் புனைவில் காக்கும் கடமை தனி வீரனுக்குரியது. அதன் சிறந்த நூல்கள் அக்கடமையின் போதாமையையும் வினாவின் ஆற்றலையும் உணர்ந்திருந்தன. தமிழ் மரபில் கரந்தை வீரனிடமிருந்து மாதரி வரையிலும், பழையனூர் எழுபதின்மர் வரையிலும் அக்கடமை பரந்து செல்கிறது. ஏற்ற சொல்லுக்குப் பிணைநிற்றல் அதன் உயிர்நாடி. துகிலுரி நிகழ்வில் தவறியது முதன்மையாக வாள் அன்று, விடை. உத்திரமேரூர்க் கல்வெட்டு கணக்குக் காட்டும் கடனை அவையின் இலக்கணமாக்கியது. ஆனால் வெளியே நிற்பவரின் குரலுக்கு அதன் விதிகளில் இடம் இல்லை. கூத்து அவ்விடத்தை நிரப்பி, சுற்றி அமர்ந்தோர் அனைவரையும் அவையாக்கி, வினாவை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறது. அந்த அவையில் ஊரார் அனைவரும் ஒப்ப அமரும் நாளிலேயே திரௌபதியின் வினா உரியவரிடம் சென்று சேரும்.